மனிதன் இயல்பிலேயே நல்லவனா, தன்னலக்காரனா: சிந்தனையாளர்களில் யார் சொல்வதை ஏற்பது?

மனித இயல்பைப் பற்றிப் பெரும் சிந்தனையாளர்கள் சொன்னவை ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கின்றனவே, இவற்றில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வழங்கிய தீர்ப்புகளைவிட, அந்தத் தீர்ப்புக்கு வருவதற்காக நம் கண்முன் நிறுத்திக் காட்டிய சிறு நிகழ்ச்சிகளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தீர்ப்பு ஒரு வரி மேற்கோளாகிப் பகிரப்படுகிறது. நிகழ்ச்சியோ நூலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முரண்பாடு பெரிதாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸையே எடுத்துக்கொள்வோம். மனித வாழ்வு தனிமையானது, வறியது, அருவருப்பானது, விலங்குத்தனமானது, குறுகியது என்ற அவருடைய வாசகம் வாழ்க்கையைப் பற்றிய பொதுவான கசப்பைப் போலப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் 1651-இல் வெளியான 'லெவியாத்தன்' நூலில் அது, அனைவரையும் கட்டுப்படுத்தும் பொது அதிகாரம் எதுவுமே இல்லாத நிலையில் வாழ்வு எப்படியிருக்கும் என்பதற்கான விடையாக வருகிறது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்த ஒருவர் எழுதியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நூலின் அதே அத்தியாயத்தில், தம்மை நம்பாத வாசகனிடம் அவர் கேட்கும் கேள்விகள் எனக்கு அந்தப் புகழ்பெற்ற வாசகத்தைவிட முக்கியமானவை. பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துச் செல்கிறாயே, உறங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டி வைக்கிறாயே, அப்படியானால் உன் சக குடிமக்களையும் வேலையாட்களையும் பெற்ற பிள்ளைகளையும் பற்றி நீ என்னதான் நினைக்கிறாய்? நான் சொல்லால் செய்வதைத்தானே நீ செயலால் செய்கிறாய்? இப்படிக் கேட்டுவிட்டு, இதனால் நாம் இருவருமே மனித இயல்பைக் குற்றம் சாட்டிவிடவில்லை என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். மேற்கோள் பிரியர்கள் இந்த ஒரு வரியை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஹாப்ஸை நன்கு அறிந்திருந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்த குறிப்பொன்றும் இங்கே பொருந்தும். நோயுற்ற முதியவர் ஒருவருக்கு ஹாப்ஸ் பிச்சையிட்டதைக் கண்ட பாதிரியார், கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்டாராம். செய்திருப்பேன் என்ற ஹாப்ஸ், அந்த முதியவரின் நிலையைப் பார்த்துத் தமக்கு வேதனையாக இருந்ததாகவும், அவருக்குக் கிடைத்த சிறு ஆறுதல் தம் வேதனையையும் தணித்ததாகவும் விளக்கினாராம். ஈகையையும் தன்னலமாகவே காட்டிவிட்டார் என்று இதைப் படிக்கலாம். ஆனால் பிறர் துன்பம் நமக்கு ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. வலித்தது என்று ஒப்புக்கொள்வதோடு நின்றுவிட்டார்.

அந்த வலியிலிருந்துதான், ஹாப்ஸுக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, சீனாவில் மென்சியஸ் தம் வாதத்தைத் தொடங்கியிருந்தார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரென்று காணும் எவருடைய நெஞ்சும் பதறும் என்கிறார் அவர். குழந்தையின் பெற்றோருடைய நட்பைப் பெறுவதற்காகவோ, ஊரார் மெச்ச வேண்டும் என்பதற்காகவோ அந்தப் பதற்றம் எழுவதில்லை, ஏனெனில் அப்படியெல்லாம் கணக்குப் போட அங்கே நேரமே இருப்பதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, எல்லோரும் ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றுவார்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதே. நெஞ்சு பதறும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, அந்தப் பதற்றத்தை அறத்தின் முளை என்கிறார். வளர்க்காவிட்டால் முளை கருகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். மரங்களெல்லாம் வெட்டப்பட்டு, துளிர்த்தவையும் ஆடுமாடுகளால் மேயப்பட்டு மொட்டையாகிப் போன ஒரு மலையைக் காட்டி, இதைப் பார்ப்பவர்கள் இங்கே மரமே வளர்ந்ததில்லை என்று நினைப்பார்கள், அதுவா மலையின் இயல்பு என்று அவர் கேட்குமிடம் உலகத் தத்துவ எழுத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று என்பேன்.

அவரை மறுத்த மற்றொரு சீனச் சிந்தனையாளரான சுன்சி, மனித இயல்பு தீயது என்றே வெளிப்படையாக எழுதினார். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி, அழுத்தி நிமிர்த்துவதுபோல மனிதனையும் கல்வியாலும் ஒழுங்காலும் நிமிர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அதே சுன்சி, தெருவில் போகும் எந்த மனிதனும் பண்டைச் சீனத்தின் யூ மன்னரைப் போன்ற சான்றோனாக முடியும் என்றும் சொல்கிறார். நல்லவன் என்றவரும் பயிற்சியைத்தான் வலியுறுத்துகிறார், தீயவன் என்றவரும் பயிற்சியைத்தான் வலியுறுத்துகிறார் என்னும்போது, தலைப்புகளில் தெரிந்த பகை உள்ளே போகப் போகக் குறைந்துவிடுகிறது. (இதே வளைந்த மரம் 1784-இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எழுதிய கட்டுரையொன்றிலும் வருகிறது. மனிதன் செய்யப்பட்டிருக்கும் அவ்வளவு கோணலான மரத்திலிருந்து முற்றிலும் நேரான எதையும் செதுக்க முடியாது என்கிறார் அவர். சுன்சியின் நம்பிக்கை அவரிடம் இல்லை.)

என்னைக் கேட்டால், இந்தப் பொருளில் மிக நுட்பமான சோதனையை நடத்தியவர் ஆடம் ஸ்மித். 1776-இல் வந்த பொருளியல் நூலுக்காகவே அறியப்படும் அவர், அதற்கு முன்பே 'அற உணர்வுகளின் கோட்பாடு' என்ற நூலை எழுதியிருந்தார். சீனா முழுவதையும் நிலநடுக்கம் விழுங்கிவிட்டது என்ற செய்தி ஐரோப்பாவில் உள்ள நல்ல மனிதர் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் வருந்துவார், வாழ்வின் நிலையாமையைப் பற்றி உருக்கமாகப் பேசுவார், பின்பு தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாளைக்குத் தம் சுண்டுவிரலை இழக்கப்போகிறார் என்றால் மட்டும் இன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. கண்ணால் காணாத பத்துக் கோடிப் பேரின் அழிவோ அவருடைய குறட்டையைக் கலைக்காது. இதுவரை படித்தவர்கள் ஸ்மித் மனிதனைத் தன்னலக்காரன் என்று காட்டிவிட்டார் என முடிவு கட்டுவதுண்டு. ஆனால் அவருடைய உண்மையான கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அதே மனிதர் பத்துக் கோடி உயிர்களைப் பலியிடச் சம்மதிப்பாரா? நினைத்தாலே மனித இயல்பு நடுங்குகிறது என்கிறார். உணர்ச்சி இவ்வளவு தன்னலமாக இருக்கையில் செயல் மட்டும் அப்படி ஆகாமல் தடுப்பது எது என்பதற்கு, இரக்கம் என்ற பலவீனமான தீப்பொறி அல்ல, நமக்குள் அமர்ந்து நம்மைப் பிறர் கண்ணால் பார்க்கும் மனச்சான்றே என்று விடை தருகிறார். உணர்வதையும் செய்வதையும் இப்படித் தனித்தனியே பிரித்துக் காட்டியதால், மனிதன் நல்லவனா என்ற கேள்வி இரண்டு கேள்விகளாகிவிடுகிறது. தொலைவில் நடக்கும் பேரழிவுச் செய்தியை ஒரு நொடி வருந்திவிட்டுக் கைப்பேசித் திரையில் நகர்த்திவிடும் நமக்கு, அவர் வரைந்த மனிதர் அயலாராகத் தோன்ற மாட்டார்.

இவர்கள் தாம் சொன்னபடி வாழ்ந்தார்களா என்ற கேள்வியும் கூடவே எழும். இரக்கத்தை மனிதனின் இயற்கைக் குணம் என்று எழுதிய ரூசோ, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை இல்லத்தில் விட்டவர். பணத்தைப் பிறருக்குப் பங்கிடத் தயங்கும் மனிதர்கள் வாழ்நாளை மட்டும் கேட்பவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று கடிந்துகொண்ட ரோமானியத் தத்துவவாதி செனகா, நீரோ மன்னனின் அருகிலிருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவருடைய காலத்திலேயே இதைச் சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள். நான் பேசுவது அறத்தைப் பற்றி, என்னைப் பற்றி அல்ல, குற்றங்களைச் சாடும்போது முதலில் என் குற்றங்களையே சாடுகிறேன் என்பது அவர் அளித்த மறுமொழி. எனக்கு இது முழு நிறைவு தரவில்லை, ரூசோவின் சமாதானங்களோ அறவே தரவில்லை. ஆயினும் 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்று வள்ளுவர் ஆளைத் தேர்வதற்குச் சொன்ன முறையை நூலைத் தேர்வதற்கும் கைக்கொள்ளலாம். செனகாவின் வாழ்க்கையில் குறை காண்பதால், நேரத்தை நாம் செலவிடும் விதத்தைப் பற்றி அவர் கண்டது பொய்யாகிவிடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தீர்ப்பு எதுவும் வழங்காத ஒருவரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். 1580-இல் தம் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் தெ மாண்டேய்ன், மனித குலத்தை ஆராய்வதற்குப் பதிலாகத் தம்மையே ஆராய்ந்தார். சிறுநீரகக் கல்லால் பட்ட வேதனை, அரிக்கும் இடத்தைச் சொறிவதில் உள்ள சுகம், முள்ளங்கி முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு ஒத்துக்கொள்ளாமல் போய், மறுபடியும் ஒத்துக்கொண்டது என எல்லாவற்றையும் கூச்சமின்றி எழுதிவைத்தார். அவருடைய கடைசிக் கட்டுரையான 'அனுபவத்தைப் பற்றி' என்பதை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு ஹாப்ஸிடமும் மென்சியஸிடமும் செல்லுங்கள்.