வெள்ளி இரவு பியர், சனி விடியற்காலை பெருவிரல்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 37. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் வங்கி வேலை. வார நாட்களில் மதுவைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நண்பர்களோடு சவோயில் ஒரு படம், பிறகு ஒருவன் வீட்டு மொட்டைமாடியில் மூன்று பெரிய கேன் ஸ்ட்ராங் பியர், பைட்டுக்கு இறால் டெவலும் ஈரல் பொரியலும், கடைசியில் மட்டன் கொத்து. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனி விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் பெருவிரல் நொந்து எழும்பினேன். விரலடி சிவந்து வீங்கி, பெட்ஷீட் பட்டாலே உயிர் போனது. எங்கோ இடித்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன். போன வாரம் அதே விரல், அதே நேரம். பார்மசியில் டைக்ளோபினெக் வாங்கிப் போட்டேன், ஐந்து நாளில் அடங்கியது. நோவு இருக்கும்போது சோதித்த யூரிக் அசிட் 6.4, நோர்மல் என்றார்கள். அப்பாவுக்கும் இந்த வருத்தம் இருந்தது. பிரஷருக்கு ஒரு வருடமாக ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை எடுக்கிறேன். அம்மா பருப்பையும் தக்காளியையும் நிறுத்திவிட்டார். பியருக்குப் பதில் வைன் குடிக்கலாமா? இப்போதைக்கு ஜிஞ்சர் பியர்தான் குடிக்கிறேன். ஞாயிறு பின்னேரம் மகளோடு காலிமுகத்திடலுக்குப் போனால் இறால் வடையாவது சாப்பிடலாமா?

பதில்: தம்பி, பெட்ஷீட் பட்டாலே உயிர் போனது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே பாதி நோயறிதல். இடித்துக்கொண்ட விரல் இடித்த உடனே நோகும், மூன்று மணிவரை காத்திருக்காது. இது பெரும்பாலும் கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, ஊசி போன்ற பளிங்குகளாக மூட்டுக்குள் படிந்திருக்கும். ஒரு நாள் வெள்ளையணுக்கள் அவற்றை எதிரி என்று எண்ணித் தாக்கப் புறப்படும். நீங்கள் உணர்ந்த நெருப்பு அந்தச் சண்டைதான்.

பெருவிரல் ஏன், விடியற்காலை ஏன் என்று கேட்பீர்கள். யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் எளிதாகப் பளிங்காகும். கால் விரல்தான் உடம்பின் ஆகக் குளிர்ந்த ஓரம். இரவில் உடம்பின் நீரும் குறையும், வீக்கத்தை அடக்கும் கோர்டிசோல் ஹோர்மோனும் தாழ்ந்திருக்கும். கவுட் தாக்குதல்கள் நள்ளிரவுக்கும் காலை எட்டுக்கும் இடையில்தான் அதிகம். மூன்று மணி நேரம் ஏசியில் தண்ணீர் குடிக்காமல் படம் பார்த்துவிட்டு (இடைவேளையில் கியூ நீளம், எனக்கும் தெரியும்), நேரே பியருக்குப் போகிறீர்கள். உங்கள் பெருவிரலுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் வேண்டியதில்லை.

6.4 என்ற எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். தாக்குதல் நடக்கும்போது சிறுநீர் வழியாக யூரிக் அமிலம் கூடுதலாக வெளியேறுவதால் இரத்த அளவு தாழ்ந்து காட்டும். நோவு முற்றாக அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரேட் கரைந்திருக்க முடியாமல் படியத் தொடங்கும். அதனால்தான் சிகிச்சையில் 6க்குக் கீழே வைத்திருக்கப் பார்க்கிறோம்.

இனி பியர். அதற்கு இரண்டு குற்றம் உண்டு. எந்த மதுவும் ஈரலில் உடையும்போது லாக்டிக் அமிலத்தைக் கூட்டும், அது யூரிக் அமிலம் சிறுநீரகத்தால் வெளியேறுவதைத் தடுக்கும். இது வைனுக்கும் சாராயத்துக்கும் பொது. பியரில் மட்டும் மேலதிகமாக மோல்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது, அதுவும் யூரிக் அமிலமாக மாறும். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண் சுகாதாரத் துறையினரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பியருக்குத்தான் கவுட்டோடு ஆகப் பலமான தொடர்பு. அடுத்தது விஸ்கி, ஜின் வகையறா. அளவான வைனுக்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. வைன் பற்றிய உங்கள் கேள்வியும் இதை எங்கோ படித்துத்தான் வந்திருக்கும். ஆனால் அது கவுட் இல்லாதவருக்கு அது புதிதாக வருமா என்பதைப் பார்த்த ஆய்வு. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களைப் பார்த்த பிந்திய ஆய்வில், வைன் உட்பட எந்த மதுவும் அடுத்த 24 மணி நேரத்தில் தாக்குதலைக் கிளப்பக்கூடும் என்று கண்டார்கள். நீங்கள் இப்போது இரண்டாவது கூட்டம், தம்பி.

அளவையும் ஒருமுறை கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் 'மூன்று கேன்' என்று சொல்லும்போது அது சின்னதாகத்தான் கேட்கிறது. 500 மில்லிலீற்றர் கேன், 8.8 சதவீதம்: அதில் தூய அல்ககோல் 35 கிராம். மூன்று கேனுக்கு 105 கிராம். 12.5 சதவீத வைன் ஒரு முழுப் போத்தலில் 74 கிராம்தான். ஆக நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு போத்தல் வைனும் மேலே இரண்டு கிளாஸும் குடித்த கணக்கு. பிரித்தானியாவில் ஒரு வாரத்துக்கே 112 கிராமைத் தாண்டாதீர்கள், அதையும் பல நாட்களாகப் பிரியுங்கள் என்கிறார்கள். 'வார நாட்களில் தொடுவதில்லை' என்பதை என் கிளினிக்கில் நிறையப் பேர் ஒரு நற்சான்றிதழ் போல நீட்டுவார்கள். ஒரே இரவில் விழுவதை உங்கள் விரல் அப்படிப் பார்ப்பதில்லை.

எனவே அடுத்த சில மாதங்களுக்கு, யூரிக் அமிலம் கட்டுக்குள் வரும்வரை, எதையும் குடிக்காமல் இருப்பதே நல்லது. அதற்குப் பிறகு சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன், பக்கத்தில் தண்ணீர், எப்போதாவது. ஸ்ட்ராங் பியரை மறந்துவிடுங்கள். அல்ககோல் இல்லாத பியரிலும் பியூரின் உண்டு.

ஜிஞ்சர் பியர் விஷயத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பெயரில் பியர் இருந்தாலும் அதில் மது இல்லை, சரி. ஆனால் சீனி இருக்கிறது. சீனியில் பாதி ஃப்ரக்டோஸ், அது ஈரலில் உடையும்போது நேரடியாக யூரிக் அமிலத்தைக் கூட்டும். கோலா, நெக்டர் எல்லாம் இதே வழிதான். மொட்டைமாடியில் கையில் ஒரு கிளாஸ் இல்லாமல் இருக்க முடியாதென்றால் சோடாவில் தேசிக்காய் பிழிந்து உப்பில்லாமல் குடியுங்கள். உப்பு உங்கள் பிரஷருக்கு.

அம்மாவிடம் பருப்பைத் திரும்பக் கேளுங்கள். தாவரங்களில் உள்ள பியூரினால் கவுட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தக்காளி சிலருக்குத் தாக்குதலைக் கிளப்புவதாகச் சொல்கிறார்கள், உங்களுக்கு அப்படி நடந்திராவிட்டால் ரசத்தைக் கைவிட வேண்டியதில்லை. நிறுத்த வேண்டியது அந்த ஈரல் பொரியலை. பாபத் (குடல், இரைப்பை), நெத்தலி, சூடை இவற்றையும் குறையுங்கள். ஆட்டிறைச்சியும் இறாலும் அளவோடு. கொழுப்புக் குறைந்த பாலும் தயிரும் நல்லது. எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து குறைக்கப் போனால் யூரிக் அமிலம் ஏறும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்துவிட்டு வீங்கிய காலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் பழத்தோடு பிடித்தால் முருகன் கோபிக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய குளிசைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹைட்ரோகுளோரோதயசைட் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தில் தேக்கி வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் எகிறும். அதைத் தந்த வைத்தியரிடம் போய் 'எனக்கு இரண்டு தடவை கவுட் வந்தது, மாற்றலாமா' என்று கேளுங்கள். லொசார்ட்டன் போன்ற மருந்து பிரஷரையும் குறைக்கும், யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். சினிமாவையும் கொத்தையும் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்தச் சின்னக் குளிசை யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிடும்.

டைக்ளோபினெக் நோவை அடக்கும், உண்மை. ஆனால் பிரஷர் உள்ளவர் பார்மசியில் தானாக வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து, மேலே மதுவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அடுத்த தாக்குதலுக்குக் கொல்ச்சிசின் என்ற கவுட் மருந்தைக் குறைந்த அளவில் முதல் நாளே தொடங்கினால் நன்றாகக் கேட்கும், வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

தாக்குதல் அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தை இறக்கும் அலோபியூரினோல் தேவைப்படும். சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் கவுட் ஒருமுறை தலைகாட்டலாம், பயந்து நிறுத்தாதீர்கள். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். இரத்தச் சோதனைக்குப் போகும்போது கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), சீனி, கொழுப்பு, ஈரல் சோதனைகளையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். கவுட் தனியாக வருவது குறைவு.

மகளோடு காலிமுகத்திடலில் இறால் வடை: ஒன்று சாப்பிடலாம். அவள் வடையின் மேலிருக்கும் இறாலை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தை உங்களிடம் நீட்டும் வயதென்றால், இன்னும் நல்லது.