டென்னிஸ் பார்க்க வருடச் சந்தா வேண்டுமா?

கேள்வி: எனக்கும் மகளுக்கும் டென்னிஸ், நீச்சல் என்றால் உயிர். கேபிள்காரர் மொத்த ஸ்போர்ட்ஸ் பேக்கையும் போடச் சொல்கிறார். மச்சான் ஆப்பில் வருடச் சந்தா கட்டச் சொல்கிறார். கடைக்காரரோ 4கே டிவி வாங்கினால்தான் பந்து தெளிவாகத் தெரியும் என்கிறார். எதற்குச் செலவு செய்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டிவியை விட்டுத்தள்ளுங்கள். கேபிளில் அதிகபட்சமாக வருவது பெரும்பாலும் ஹெச்டிதான், அதற்கு 4கே எதற்கு? உங்கள் செட்டாப் பாக்ஸ் ஹெச்டியா, போட்டிருப்பது ஹெச்டி சேனலா என்று மட்டும் பாருங்கள். சாதா சேனலுக்கும் ஹெச்டிக்கும் தனித்தனி விலை. சாதாவில் பார்த்தால் எவ்வளவு பெரிய டிவியிலும் பந்து மங்கலாகத்தான் இருக்கும்.

வருடச் சந்தாவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிராண்ட்ஸ்லாம் எனப்படும் பெரிய டென்னிஸ் போட்டிகள் நான்கும் ஆளுக்கு இரண்டு வாரம்தான்: ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன், மே கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓபன், ஜூன் கடைசியில் விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் அமெரிக்க ஓபன். நான்கும் ஒரே இடத்தில் வருவதும் இல்லை. 2025இல் பிரெஞ்சு ஓபன் சோனியில் வந்தது. விம்பிள்டன் ஸ்டார் ஸ்போர்ட்ஸிலும் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்தது. அதற்கு முந்தைய வருடம் சோனியிடம் இருந்த அமெரிக்க ஓபன், 2025இல் ஸ்டார் பக்கம் போய்விட்டது. இப்படிக் கைமாறும் உரிமையை நம்பி 12 மாதத்துக்கு முன்பணம் ஏன்? போட்டி தொடங்கும் வாரம் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கேபிளிலும் அப்படியே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக வாங்கலாம். பேக்காகத்தான் தருவேன் என்று கேபிள்காரர் சொல்ல முடியாது.

ஆப் பக்கம் போனால் திட்டம் 'மொபைல் மட்டும்' என்பதா என்று படியுங்கள். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, டிவியில் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. டேட்டாவும் கணக்கில் வரட்டும். ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 முதல் 3 ஜிபி போகும். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்காரஸும் சின்னரும் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள். தினம் 2 ஜிபி தரும் சிம்மில் முதல் செட்டைத் தாண்டுவதே பெரிய விஷயம்!

நீச்சல் வேறு கதை. ஆப் ஒளிபரப்பு நேரடியைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும். ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 21 விநாடியில் முடிந்துவிடும். வீரர் குதிக்கும் முன்பே ஜெயித்தவர் பெயர் வாட்ஸப்பில் வந்து நிற்கும். சேனலில் வந்தால் கேபிளிலேயே பாருங்கள்; வராவிட்டால் போட்டி முடியும்வரை போனைத் தள்ளி வையுங்கள். 2027 உலக நீச்சல் சாம்பியன்ஷிப் ஹங்கேரியின் புடாபெஸ்டில். அங்கே மாலை 6 என்றால் நமக்கு இரவு 9.30. அதற்கு இப்போதே எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: விம்பிள்டனுக்காக ஒரு மாதம் மட்டும் கட்டினேன். இரண்டாம் மாதமும் பணம் பிடித்துவிட்டார்கள். ரத்து செய்யும் பட்டனையே காணோம்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பட்டனைத் தேட வேண்டாம். யுபிஐயில் கட்டியிருந்தால், அந்த ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க நீங்கள் தந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யலாம். அடுத்த முறை சந்தா கட்டிய அன்றே செய்துவிடுங்கள். கட்டிய மாதம் பெரும்பாலும் கடைசிவரை ஓடும். எதற்கும் நிபந்தனையை ஒருமுறை பாருங்கள். பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டிலும் தேடுங்கள். வரவில்லை என்றால் அதுவே உங்கள் புகார். சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், இலவசம். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.