முதலில் பெட்டியின் நம்பரை மாற்றுங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் கேட்டியில் 12 வருடமாக இருக்கிறோம். கிரீன் கார்டு வந்த பிறகு என் கணவர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அவ்வப்போது ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்வருவார். அதில் நான் தலையிடுவதில்லை. என் பிரச்சினை யூடியூப். சனிக்கிழமை ராத்திரியானால் அவரும் எங்கள் 13 வயது மகனும் டிவியில் துப்பாக்கி மீம்களுக்கு ரியாக்‌ஷன் கொடுக்கும் காமெடி வீடியோக்களைப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மகனின் நண்பர்கள் இரண்டு பேர் ராத்திரி தங்க வந்தால் அவர்களும் கூட்டு. கெட்ட வார்த்தை, ரத்தம், சாவு எல்லாமே அங்கே காமெடி. இதே ஜோக்கை மகன் ஸ்கூலில் சொல்ல, டீச்சர் எனக்கு போன் செய்தார். கணவரிடம் சொன்னால், 'சிரிக்கிறதுக்கும் சுடுறதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறார். அவர் மோசமான அப்பா இல்லை. மகன் என்றால் உயிர். போன், லேப்டாப், துப்பாக்கிப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அவன் பிறந்தநாளைத்தான் நம்பராக வைத்திருக்கிறார். மகனே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இந்த வீடியோக்களை எப்படி நிறுத்துவது?
- பெயர் வேண்டாம், கேட்டி

பதில்: வீடியோ பார்த்துப் பிள்ளை கெட்டுப்போகிறான் என்ற கடிதம் எனக்கு வாராவாரம் வருகிறது. அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியை நீங்களே திரும்பப் படித்தீர்களா? துப்பாக்கிப் பெட்டியின் நம்பர் உங்கள் 13 வயது மகனுக்குத் தெரியும். அதைக் கணவரின் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள்.

கெட்ட வார்த்தைக்கு அத்தனை வரி, இதற்கு ஒரே வரி. எனக்குக் கோபம் வருகிறது அம்மா, மறைக்கவில்லை. நம்பர் தெரிந்த ஆளுக்குப் பெட்டி திறந்து கிடக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த நம்பர் வேலை செய்கிறதா என்று அவன் ஒரு முறைகூடத் தட்டிப் பார்த்திருக்க மாட்டானா? 13 வயசுப் பையன், அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருக்கும் மதிய நேரம், வீட்டில் இப்படி ஒரு பெட்டி. யோசித்துப் பாருங்கள்.

'என் பிள்ளை தொடமாட்டான்' என்பீர்கள். அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்ட ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 100-க்கு 39 பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை அதைக் கையில் எடுத்ததே இல்லை என்று சொன்னவர்களில் 22 பேரின் பிள்ளைகள், எடுத்திருக்கிறோம் என்றார்கள். அந்தப் பெற்றோரும் நல்லவர்கள்தான், பாசக்காரர்கள்தான்.

நீங்கள் வாழும் நாட்டில் 2020-லிருந்து, 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்தைவிட அதிகம். இதில் விளையாட்டாக எடுத்துத் தவறிச் சுட்டது ஒரு பகுதி. பெற்றோர் பேசக் கூசுகிற பகுதி வேறு. மார்க் குறைந்த நாள், நண்பர்கள் ஒதுக்கிவைத்த நாள், அப்பா எல்லார் முன்னாலும் கத்திய நாள். அந்த வயதில் மனசு இருட்டும்; பல நேரம் கொஞ்ச நேரத்தில் தெளிந்தும்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கையில் துப்பாக்கி சிக்கினால் பெரும்பாலும் உயிர் திரும்பாது. நம் வீடுகளில் பிள்ளையின் படிப்பைத் துருவித் துருவிக் கேட்கிறோம், மனசைக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அவன் பிறந்தநாளே பெட்டியின் சாவி.

வீடியோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு சிலவற்றை உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் சுவர் நிறையத் துப்பாக்கி, முன்னால் ஒருவர், ரசிகர்கள் அனுப்பிய மீம்களுக்கு ஒவ்வொன்றாகச் சிரிப்பு. 'போன வாரம் படகு கவிழ்ந்தது, துப்பாக்கி அத்தனையும் ஏரிக்குள் போய்விட்டது' என்பது அவர்களின் பழைய ஜோக். அரசாங்கம் பறிமுதல் செய்ய வந்தால் சொல்லத் தயாராக வைத்திருக்கும் பொய்யாம். இந்த ஆட்களைச் சும்மா கோமாளிகள் என்றும் நினைக்காதீர்கள். மீம் விமர்சனத்தில் பேர்பெற்ற யூடியூபர் பிராண்டன் ஹெரேரா 2024-ல் டெக்சாஸின் 23-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் ரிபப்ளிகன் வேட்பாளராகப் போட்டியிட்டு, உட்கட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 500-க்கும் குறைவான ஓட்டில் தோற்றார். 2022-ல் பள்ளிக்குள் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட யுவால்டி இருப்பது அந்தத் தொகுதியில்தான்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கேலியில் பாதி, பாதுகாப்பு தெரியாதவர்கள் மேல். போட்டோவில் ஒருவன் ட்ரிக்கரில் விரல் வைத்திருந்தால், குழலைப் பக்கத்தில் நிற்பவன் பக்கம் திருப்பியிருந்தால், அவனைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். அமெரிக்க மரைன் படை அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கு மனப்பாடம்; எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியது என்றே நினை என்பது அதில் முதல் விதி. உங்கள் மகனுக்கும் அது மனப்பாடமாகியிருக்கும். உங்கள் கணவருக்கு ஏன் ஆகவில்லை? ஊரார் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சிரிக்கிற மனிதருக்குத் தன் வீட்டுப் பெட்டி கண்ணில் படவில்லையே.

கென்டக்கி பாலிஸ்டிக்ஸ் என்ற யூடியூப் துப்பாக்கிச் சேனலை அவர்கள் பார்த்திருப்பார்கள். 2021 ஏப்ரலில் அதை நடத்துபவர் கேமரா முன்னால் சுட்டபோது 50 காலிபர் என்ற பெரிய தோட்டா போடும் துப்பாக்கி கையிலேயே வெடித்தது. இரும்புத் துண்டு கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்தது. காயத்துக்குள் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். கூட இருந்த அப்பா காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸைத் தேடி ஓட்டினார். பிழைத்தார். இன்று அந்தக் கட்டைவிரல், டி-ஷர்ட்டில் அச்சாகிற ஜோக். பிழைத்தவருக்குச் சிரிக்க உரிமை உண்டு. அதே வீடியோவை இந்தச் சனிக்கிழமை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு நடந்தா, பக்கத்துல யாருங்க இருப்பாங்க?'

'அதில் நான் தலையிடுவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தலையிடுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் துப்பாக்கி, கணவரின் தனிப்பட்ட பொழுதுபோக்கு ஆகாது. புருஷன் விஷயம் என்று ஒதுங்கி நிற்பதை அடக்கம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது கடமை தவறுவது.

நம்பரை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள், வீட்டு நம்பர் எதுவும் கூடாது. மகன் முன்னால் அழுத்தவும் கூடாது. தோட்டாவைத் தனியாக, வேறு பூட்டில் வைக்க வேண்டும். தோட்டா ஏறும் வழியில் கம்பி நுழைத்துப் பூட்டும் கேபிள் லாக் ஒன்று வாங்குங்கள். அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் சங்கமே 'ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தில் பல ஊர்ப் போலீஸ் நிலையங்கள் வழியாக அதை இலவசமாகத் தருகிறது. திருடன் வந்தால் சட்டென்று எடுக்க வேண்டாமா என்று கேட்பார். அவர் விரல் ரேகைக்கு மட்டும் திறக்கும் பெட்டி கடையில் கிடைக்கிறது. சட்டம் தெரிந்தால்தான் அசைவார் என்றால் அதையும் சொல்லுங்கள்: தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் சிக்கினால் டெக்சாஸில் குற்றம். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனால், பலத்த காயம் பட்டால், ஓராண்டு வரை சிறை. இத்தனைக்கும் மசியவில்லையென்றால் துப்பாக்கி அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஸ்கூல் ஜோக்கை அப்பாவே கூப்பிட்டு நிறுத்தட்டும். சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். எந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்றும் அவரே சொல்ல வேண்டும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ராத்திரி தங்க வரும் அந்த இரண்டு பையன்கள். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது அவர்களின் அம்மாக்களுக்குத் தெரியுமா? எதைக் காட்டினாலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற உங்கள் மகன், நம்பரை அவர்களிடமும் சொல்லியிருப்பான். போன் செய்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பூட்டு மாறும்வரை அவர்களை அனுப்ப வேண்டாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.