எழுத்தை நம்புங்கள்: மறைகுறிப்புக் குறுக்கெழுத்து பற்றிய கேள்வி பதில்

தமிழில் மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிர்களை விடுவிப்பதிலும் அமைப்பதிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். இப்போதுதான் தொடங்கியவர்களும் ஓரளவு பழகியவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் குறிப்புகள் அனைத்தும் நானே அமைத்தவை. குறிப்பின் இறுதியில் உள்ள எண், விடைக்குரிய கட்டங்களின் எண்ணிக்கை.

கேள்வி: வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவேன். ஆனால் மறைகுறிப்புப் புதிரைக் கையில் எடுத்தால் ஒரு கட்டம்கூட நிரம்புவதில்லை. எங்கே தொடங்குவது, ஐயா?

வார இதழ்ப் புதிரில் குறிப்பு முழுவதும் விடையின் பொருளைச் சொல்லும். மறைகுறிப்பில் அந்தப் பொருள் ஒரு பகுதி மட்டுமே. அது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். எஞ்சிய பகுதி அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான செய்முறை. இரண்டும் ஒரே வாக்கியமாக இழைந்து வேறொரு கதையைச் சொல்வதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

"கம்புக்குள் கடைசியாக எரு போட்டால் பொங்கலுக்கு விளையும் (4)" என்ற குறிப்பைப் பாருங்கள். படித்தவுடன் வயலும் உழவரும் மனத்தில் வருகிறார்கள். அந்த வயலை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். "எரு" என்ற சொல்லின் கடைசி எழுத்து ரு. அதைக் "கம்பு" என்ற சொல்லுக்குள் வைத்தால் கரும்பு. பொங்கலுக்கு விளைவது அதுதான். எனவே முதலில் செய்ய வேண்டியது, வாக்கியத்தை எந்த இடத்தில் இரண்டாக வெட்டலாம் என்று தேடுவது. அந்த வெட்டு சரியாக விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: விடை குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வகைதான் மிக எளிது என்கிறார்கள். எனக்கோ அதுதான் கடைசிவரை தெரிவதில்லை. விடையைப் பார்த்தபின், கண்ணெதிரே இருந்ததே என்று வருந்துகிறேன்.

வருந்த வேண்டியதில்லை. நாம் படிக்கும்போது எழுத்துகளைப் படிப்பதில்லை, சொற்களைப் படிக்கிறோம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண் ஒரு சுவராகவே எடுத்துக்கொள்கிறது. ஒளிந்திருக்கும் விடையோ அந்தச் சுவரைத் தாண்டித்தான் பெரும்பாலும் படுத்திருக்கும்.

"தங்கம் பிடித்தவளிடம் மறைந்திருப்பது சிறையில் எண்ணப்படும் (3)." இடைவெளியை நீக்கி, த-ங்-க-ம்-பி-டி-த்-த என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதிப் பார்த்தால், நடுவில் கம்பி இருப்பது தெரியும். சிறைக்குப் போனவர் கம்பி எண்ணுகிறார் என்பது நம் வழக்கு. "கோவில் வம்புக்குள் இருப்பது சிவனுக்கு உகந்தது (4)" என்பதும் இதே வகைதான். வில்வம் இரண்டு சொற்களிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது.

இந்த வகையை அடையாளம் காண இரண்டு வழிகள் சொல்வேன். ஒன்று, உள்ளே, நடுவே, மறைந்து, பதுங்கி, கொண்டிருக்கும் போன்ற சொற்கள் வந்தால், உடனே அருகிலுள்ள சொற்களை இடைவெளியின்றி எழுதிப் பாருங்கள். மற்றது தமிழுக்கே உரியது. அதிகம் பேர் கவனிப்பதில்லை. தமிழில் சொற்கள் சேரும்போது வேற்றுமை உருபும் ஒற்றும் இடையில் புகுந்துவிடும். "தங்கத்தைப் பிடித்தவள்" என்று எழுதியிருந்தால் கம்பி அறுந்துபோயிருக்கும். ஆகவே ஒளித்து வைப்பவர் உருபில்லாத, ஒற்று மிகாத தொடரைத்தான் தேடி எடுப்பார். இயல்பாக உருபு வர வேண்டிய இடத்தில் ஒரு பெயர்ச்சொல் மொட்டையாக நின்றால், அங்கே ஏதோ புதைந்திருக்கிறது என்று ஐயப்படுங்கள்.

இதோடு ஒரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் மெய்யில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், புணர்ச்சியில் அவை ஒரே எழுத்தாகிவிடும் என்று கொண்டு சிலர் விடையை ஒளிக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. எழுதியிருப்பது ல், அ என்று இரண்டு எழுத்தானால், கட்டத்திலும் இரண்டாகவே இருக்க வேண்டும். விடுவிப்பவர் கண்ணால் காணாத எழுத்தை விடையாகக் கேட்பது முறையல்ல.

கேள்வி: எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகையில், எந்தச் சொல்லைக் கலைக்க வேண்டும் என்பதிலேயே தடுமாறுகிறேன்.

கட்டங்களின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். "குழம்பிய நகரம் பாவிகள் சேருமிடம் (4)" என்ற குறிப்பில் நான்கு எழுத்துச் சொற்கள் நகரம், பாவிகள் என்ற இரண்டுதான். அவற்றில் நகரத்துக்குப் பக்கத்திலேயே குழம்பிய என்ற சைகை நிற்கிறது. விடை நரகம். சிதறி, உடைந்து, தடுமாறி, குலைந்து, புரண்டு என்று ஒழுங்கு கெடுவதைக் காட்டும் எந்தச் சொல்லும் இந்தச் சைகையாகலாம்.

இந்த வகையில் நான் ஒருமுறை செய்த பிழை எனக்கு நல்ல பாடமாயிற்று. "வாசலைக் குலைத்தால் போட்டிக்கு அழைப்பு (3)" என்று ஒரு குறிப்பு எழுதினேன். முதியவர் ஒருவர் விடை சவால் என்று சரியாகவே கண்டுபிடித்தார், ஆனால், "நீங்கள் கொடுத்திருப்பது வா, ச, லை. எனக்குத் தேவையான ல் எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். "வாசல் குலைந்தால் போட்டிக்கு அழைப்பு" என்று மாற்றினேன். உருபு சேர்ந்தால் தமிழ்ச் சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது என்பதால், கலைக்க வேண்டிய சொல் எழுவாயாக, உருபேற்காமல் நிற்பதே நேர்மையான அமைப்பு. விடுவிக்கும் உங்களுக்கும் அது ஒரு தடயம்.

கேள்வி: ஆங்கில நாளிதழ்களின் மறைகுறிப்புப் புதிர்களில் நல்ல பழக்கம் உண்டு. தமிழுக்கு வந்தபோது அந்தப் பழக்கம் அவ்வளவாக உதவவில்லை. ஏன்?

குறிப்பை வெட்டிப் பார்க்கும் பழக்கம் இங்கும் உதவும், கட்டம்தான் வேறு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியது 26 எழுத்துகளில் ஒன்று. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் அதற்கு மேல். அதனால் விடைகள் குறைந்த கட்டங்களில் அடங்கிவிடுகின்றன. இரண்டு கட்டச் சொற்கள் ஏராளம். மறுபுறம், குறுக்கே செல்லும் சொல்லிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தால், அது ஆங்கில எழுத்து தருவதைவிட மிகுதியான செய்தியைத் தருகிறது.

உண்மையான உதவி இலக்கணத்திலிருந்து வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்யை எந்த எழுத்து தொடரலாம் என்ற விதி, இங்கே ஒரு விளக்கைப் போலப் பயன்படும். ஒரு கட்டத்தில் ங் கிடைத்துவிட்டால், அடுத்த கட்டத்தில் ஏறக்குறைய உறுதியாகக் க வரிசை எழுத்துதான். ஞ் இருந்தால் அடுத்தது ச அல்லது ஞ வரிசை. க், ச், த், ப் ஆகிய நான்கையும் தமிழ்ச் சொல்லுக்குள் அதே வரிசை எழுத்தே தொடரும். சக்தி போன்ற வடசொற்களே விலக்கு. ட், ற் இரண்டுக்கும் சற்று அதிக இடம் உண்டு. கட்டு, ஆட்சி, நட்பு என்றும், காற்று, கற்பு, பயிற்சி என்றும் வரும். சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வராது. முதல் கட்டத்தில் மெய்யே வராது. ஆகையால் ஒரே கட்டத்தில் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் இரண்டு விடைகள் தொடங்கினால், அங்கே உயிரோ உயிர்மெய்யோதான் இருக்கும். ட, ர, ல வரிசையில் ஒரு விடை தொடங்குகிறது என்று தெரிந்தால், ராகம், லாபம் போன்ற பிறமொழிச் சொற்களின் பக்கம் மனத்தைத் திருப்புங்கள்.

இதே காரணத்தால் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் தலைகீழ்த் திருப்பம் தமிழில் அரிது. நம் சொற்களில் பல மெய்யில் முடிகின்றன. திருப்பினால் மெய்யில் தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஒன்று அமைந்துவிட்டால் அத்தனை மகிழ்ச்சி. "திருப்பி அனுப்பிய விசா கதவைத் திறக்கும் (2)" என்று எழுத முடிந்த நாளை நான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். விடை சாவி.

கேள்வி: "கழுத்தில் விழும் பொழுது (2)" என்ற குறிப்புக்குத் தாலி என்று எழுதினேன். தவறு என்றீர்கள். தாலியும் கழுத்தில்தானே இருக்கிறது?

உங்கள் விடை குறிப்பின் முதற்பகுதிக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் பொழுது என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? நல்ல குறிப்பில் ஒரு சொல்லும் வெறுமனே நிற்பதில்லை. விடையை எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, இது எதற்காக இங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இது சிலேடை வகை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. "விழும்பொழுது" என்று சேர்த்துப் படிக்க வைத்து உங்களை வழிமாற்றியது அந்த இடைவெளி. வழக்கையும் கவனியுங்கள்: தாலி கழுத்தில் ஏறும், மாலைதான் கழுத்தில் விழும். குறிப்பு அமைப்பவர் வினைச்சொல்லை எண்ணித்தான் இடுகிறார்.

கேள்வி: இது ஆங்கிலேயரின் விளையாட்டு, தமிழில் வலிந்து செய்கிறோம் என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?

கட்டம் வெளியிலிருந்து வந்தது, அதில் ஐயமில்லை. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வெளியிட்ட வைர வடிவப் புதிரையே முதல் குறுக்கெழுத்தாகக் கொள்கிறார்கள். மறைகுறிப்பு முறை 1920களில் பிரிட்டனில் வளர்ந்தது. அப்சர்வர் இதழில் 1926இல் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைக்கத் தொடங்கிய எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ் அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

ஆனால் கட்டத்துக்குள் நடக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. எழுத்தைப் பிரித்தும் கூட்டியும் திருப்பியும் பொருள் காணும் பயிற்சி தமிழில் பல நூற்றாண்டுப் பழமை உடையது. ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சுவது வேறு பொருள் தருமாறு பாடுவதை அக்கரச்சுதகம் என்றும், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவதை எழுத்து வருத்தனம் என்றும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லணிகளில் வைக்கிறது. திருஞானசம்பந்தர் பின்னிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும் மாலைமாற்றுப் பதிகத்தைப் பாடியிருக்கிறார். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை வைத்தவர். "முதலையின் தலை போனாலும் மிஞ்சுவது சிரம் (2)" என்று நான் எழுதும்போது, மு நீங்கித் தலை எஞ்சும் அந்தச் செய்கைக்கு முன்னோடி அக்கரச்சுதகமே. உங்கள் நண்பரிடம் இந்த ஒரு குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அகராதியைப் பார்ப்பது ஏமாற்றுவதாகுமா?

ஆகாது. தாராளமாகப் பாருங்கள். விடையைப் புரட்டித் தேடுவதற்கு அன்றி, கண்டுபிடித்த விடையின் பொருளைச் சரிபார்ப்பதற்குப் பார்த்தால் சொல்வளமும் பெருகும்.

கேள்வி: அறுபத்தைந்து வயதான என் தாயாரும் நானும் சேர்ந்து விடுவிக்கிறோம். அவர் திணறும்போது நான் விடையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அது பிடிப்பதில்லை. எப்படி உதவுவது?

அவர் கோபம் நியாயமானது. கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காகத்தானே உட்கார்ந்திருக்கிறார். விடையைச் சொல்லாமல் வெட்டும் இடத்தை மட்டும் காட்டுங்கள். "ஜெயம் வர மாலை கடைசியில் சுண்ணாம்புடன் சேரும் (4)" என்ற குறிப்பில் அவர் நின்றுவிட்டால், "அம்மா, கடைசி இரண்டு சொற்கள்தான் பொருள்" என்பது முதல் உதவி. அது போதாவிட்டால், "ஜெயத்துக்கு நல்ல தமிழில் என்ன சொல்வோம்?" என்று கேளுங்கள். வெற்றி என்று வாய் சொன்னதும், மாலையின் கடைசி எழுத்து தானாக வந்து ஒட்டி வெற்றிலை கிடைத்துவிடும். மூன்றாவது உதவி பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: விடை சொல்லாமல் ஒரு குறிப்பு தாருங்கள், ஐயா. நானே முயன்று பார்க்கிறேன்.

தருகிறேன். கரும்புக்குச் செய்த வேலையை இங்கேயும் செய்ய வேண்டும்; ஆனால் இம்முறை உள்ளே போவது ஒரு சொல்லின் கடைசி எழுத்து அல்ல. மனத்தைத் தொடும் ஒரு கதையாகத் தோன்றும். கதையை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"கலைக்கு நடுவே வறுமை தொடங்கினால் மனத்தில் பாரம் (3)."