கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாய்ப்படகுகளில் ஆளாகச் சேர்ந்து பயணம் போக முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

என் சுயகுறிப்பில் "35 வருடம் கப்பல், மூன்று பயணம் பாய்ப்படகு, இப்போது மட்டக்களப்பு, கல்லடி" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவும் கப்பலில் இருந்து வந்தவர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவிக்கிறார், வெளிநாட்டவரின் யொட் என்கிற பாய்ப்படகுகளில் ஆள் சேர்க்கிறார்களாமே, இலங்கைக் கடவுச்சீட்டோடு அது நடக்குமா என்பது கேள்வி.

நடக்கும். நான் தொடங்கும்போது எனக்கு வயது 61. ஆனால் அப்பாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கப்பலில் படித்ததில் முக்கால்வாசி அங்கே உதவாது.

நான் 1981இல் கப்பலுக்குப் போனேன். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டபோது என் அப்பாவின் தோணியும் போய்விட்டது. வாவியில் மீன் பிடித்தவர் அவர். மாச்சாக்கைத் தைத்துப் பாய் கட்டி, கச்சான் காற்றில் வீடு திரும்புவார். தோணி போன பிறகு வீட்டில் ஒருவர் சம்பளத்துக்குப் போக வேண்டியிருந்தது, அது நான். கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, கடைசிப் பத்து வருடம் மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவனான போசனாக இருந்து 2016இல் வந்தேன். வந்து ஆறு மாதத்தில் வீட்டுக்கு மூன்று தரம் பெயின்ட் அடித்துவிட்டேன். மனுசியே "எங்கயாவது போய்ட்டு வாங்க" என்றா. பாய்ப்படகு என்றதும் சொன்னதைத் திரும்ப வாங்கப் பார்த்தா. சுனாமியில் அவவின் தமக்கை குடும்பம் நாவலடியில் போனது. அன்றைக்கு நான் செங்கடலில் ஒரு கப்பலில் இருந்தேன். அதற்குப் பிறகு மனுசி கடற்கரைப் பக்கம் முகம் கொடுத்து நின்றதில்லை. சம்மதம் வாங்க இரண்டு மாதம் பிடித்தது. அதைப் பற்றி இங்கே இதற்குமேல் வேண்டாம்.

முதல் பயணம் 2017 ஜனவரி, தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து காலி வரை, ஏறக்குறைய 1,100 கடல் மைல். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நிலைத்து வீசுகிற மாதங்கள் என்பதால் ஜனவரி, பெப்ரவரியில்தான் யொட்கள் அங்கிருந்து இலங்கைக்கு வரும். படகு 38 அடி. ஒல்லாந்துத் தம்பதி, இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, இரவுக் காவலுக்கு மூன்றாவது ஆள் தேடினார்கள். இணையத்தில் ஆள் தேடும் தளங்கள் இருக்கின்றன. மகள்தான் எனக்கு விபரம் எழுதிப் போட்டாள். எங்கள் ஊர்க் கோட்டையை 1638இல் உங்கள் ஆட்கள் பீரங்கியோடு வந்து பிடித்தார்கள் என்று முதல் நாளே சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு பெரிய சீஸ் துண்டை வெட்டித் தந்தா. நட்ட ஈடாம்.

இரண்டாம் நாள் வாந்தி எடுத்தேன். 35 வருடம் கடலில் கிடந்தவன்! இரண்டு லட்சம் தொன் கப்பல் அலையில் மெதுவாகத்தான் சரியும், 38 அடிப் படகோ ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். வேர்க்கொம்பை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்து அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

ஆறாம் நாள் இரவுதான் என் வாழ்நாளில் மறக்காது. ஒருவருக்கு மூன்று மணித்தியாலக் காவல், பிறகு ஆறு மணித்தியாலம் தூக்கம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை என் முறை. மேற்கே போய்க்கொண்டிருந்தோம், வாடை வலப்பக்கப் பின்னாலிருந்து பாயை நிறைத்துக்கொண்டிருந்தது. பெரிய பாயின் அடிச்சட்டத்தைப் பூம் என்பார்கள், அது இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டோ பைலட் நிறுத்தியிருந்தார்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்க. சுக்கான் என் கையில். நான் கப்பலில் பழகியபடி திசைகாட்டியைப் பார்த்து 265 பாகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இம்மி விலகவில்லை. அதுதான் பிழை. காற்று மெல்ல மெல்லக் கொண்டலுக்கு, அதாவது கிழக்குக்கு, திரும்பி நேர் பின்னால் வந்துவிட்டது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கிப் போட்ட நேரத்தில் காற்று பாயின் மறுபக்கத்தில் அடித்தது. பூம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறந்தது. என் தலைக்கு மேல் ஒரு சாண் இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிய இருவரும் வெளியே ஓடி வந்தார்கள். பூமைப் பிடித்துக் கட்டியிருந்த கயிறு, அதுவும் புதுசு, நூல்போல் அறுந்து கிடந்தது.

அந்த மனிதர் ஏசவில்லை. என் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டு, இங்கே காற்று படுகிற இடத்தைக் கவனி, எண்ணை விடு என்றார். என் அப்பா தோணியில் சட்டை போடமாட்டார். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் பத்து வயதில் கேட்டபோது "வேர்க்குதுகா" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் கப்பல்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. நான் மாலுமியாக இருந்த காலத்தில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேலறையில், இரவுக் காவல் நின்றவன். சிறு படகுகளின் விளக்கு தெரிந்தால் அதிகாரியிடம் சொல்வேன், தெரியாவிட்டால் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது மறுபக்கத்தில் இருந்தேன். கிரேட் நிக்கோபாருக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலான வாய்க்குள்ளால் வெளியே வந்தால், மலாக்கா நீரிணையிலிருந்து வருகிற கப்பல்கள் எல்லாம் இலங்கையின் தென்முனையான தெவுந்தரையைக் குறிவைத்து ஒரே கோட்டில் போகும். நாங்களும் அதே பக்கம். 50 மீற்றருக்கு மேற்பட்ட கப்பலின் பாய்மர விளக்கு ஆறு கடல் மைலுக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். 12 மீற்றருக்குக் குறைந்த எங்கள் படகின் பக்க விளக்குக்குச் சட்டம் கேட்பது ஒரே ஒரு மைல்தான். எதிரே கப்பல் 15 நொட்டிலும் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) நாங்கள் 5 நொட்டிலும் நெருங்கினால் அந்த ஒரு மைல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கொள்கலன்கள் அடுக்கிய கப்பலின் மூக்குக்கு முன்னால் 500 மீற்றர் வரை கடல் மறைந்திருக்க சட்டமே இடம் கொடுக்கிறது. இதெல்லாம் வேலைக்காகப் பாடமாக்கிய எண்கள். படகில் உட்கார்ந்து இருட்டில் ஒரு பச்சை விளக்கையும் ஒரு சிவப்பு விளக்கையும் சேர்ந்தாற்போல் பார்த்தபோதுதான், அதாவது கப்பல் நேரே எங்களை நோக்கி வருகிறது என்றபோதுதான், வயிற்றுக்குள் இறங்கின. ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் சொன்ன குரல் தமிழ்நாட்டுக் குரல் மாதிரி இருந்தது, ஆனால் ஆங்கிலத்திலேயே பேசி முடித்துக்கொண்டோம். அவர் பத்துப் பாகை திருப்பினார். எத்தனை படகை நான் இப்படிக் காணாமல் விட்டிருப்பேனோ.

உணவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பதில் அரைகுறை. உங்கள் அப்பாவுக்குச் சமைக்கத் தெரியுமா? தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாய் இழுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள், ஆடுகிற படகில் சோறாக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. அடுப்பு ஊஞ்சல்போல் தொங்கும். படகு சரிந்தாலும் அது நேராகவே நிற்கும், சமைக்கிறவர்தான் சரிவார். இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தூண்டிலில் ஒரு சூரை விழுந்தது. கொண்டுபோன மிளகாய்த்தூளில் குழம்பு, தேங்காய்ப்பால் மாவில் சொதி. குக்கரில் சோறு வைக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் ஊற்றினால் உப்பும் போட வேண்டாம், நல்ல தண்ணியும் மிச்சம். தாங்கியில் மொத்தமே 300 லீற்றர், குளிப்பு வாளியால் கடலில் அள்ளித்தான். விடிய எழும்பினால் மேல்தட்டில் கோலா மீன்கள் விழுந்து கிடக்கும், அது காலைப் பொரியல். அந்தப் பயணத்தில் சாப்பாட்டுக்கு என்று நான் நாளுக்கு 15 டொலர் தருவதாகப் பேச்சு. ஐந்தாம் நாள் அந்த அம்மா அதை வேண்டாம் என்றுவிட்டா.

பத்தாம் நாள் காலிக்குள் வந்தோம்.

இரண்டாவது பயணத்தில் என் புத்தி மழுங்கியது. 2018 பெப்ரவரி, காலியிலிருந்து மாலைதீவின் வடக்கு முனையில் உள்ள உலிகமு வரை 440 மைல், அங்கிருந்து சீஷெல்ஸ் போவதாக ஏற்பாடு. படகு வடிவான படகு, 45 அடி, எல்லாம் பளபளப்பு. படகைப் பார்த்து மயங்கினேன், தண்டையலைப் பார்க்கவில்லை. (எங்கள் ஆட்கள் பாய்க்கப்பல் தலைவனைச் சொன்ன சொல் தண்டையல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை ஒரு அமெரிக்கர் வாங்கிப் பெயரை மாற்ற, தமிழ் மாலுமிகளே அதை அத்திலாந்திக்கைத் தாண்டி 1938இல் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தச் சொல்லைக் கண்ட கண்டவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.) இந்த ஆள் மாலையில் போத்தலைத் திறந்தால் தன் காவல் முறைக்கு எழும்பமாட்டார். நானும் ஒரு இளம் பொடியனும் ஆறு மணித்தியாலம் மாறி மாறி நின்றோம். உயிர்காப்பு மிதவையின் பரிசோதனைத் திகதி முடிந்து நான்கு வருடம் என்பதைக் கடலுக்கு வந்த பிறகுதான் கண்டேன். உலிகமுவில் அதிகாரிகள் படகுக்கே வந்து பதிந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடமே இறங்குகிறேன் என்றேன். ஆள் இறங்கினால் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று தண்டையலைத்தான் கேட்பார்கள், ஆள் பட்டியல் அவர் பொறுப்பு. டிக்கெட் காசு என் கையிலேயே இருந்ததால் பிரச்சினை இல்லாமல் போனது. ஸ்பீட் போட்டில் ஹனிமாதூ, அங்கிருந்து விமானம்.

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: ஏறுவதற்கு முன் மூன்று நாளாவது துறைமுகத்தில் அந்தப் படகிலேயே தங்க வேண்டும். மிதவையின் திகதியைக் கேட்க வேண்டும். கேட்டதற்குக் கோபப்படுகிறவரோடு போகவே கூடாது. வீடு திரும்பும் காசு எப்போதும் சொந்தக் கையில். சீமன் புத்தகம் (மாலுமிப் பதிவுப் புத்தகம்) இருந்தால் எடுத்துப் போகட்டும், மதிப்பார்கள். ஆனால் யொட் வணிகக் கப்பல் அல்ல, அதைக் காட்டி விசாவுக்குத் தப்ப ஏலாது. மாலைதீவு, சீஷெல்ஸ் இரண்டுக்கும் முன்கூட்டி விசா தேவையில்லை, அதனால் நம் ஆட்களுக்கு அந்தப் பக்கம்தான் லேசு. ஐரோப்பா என்று கனவு கண்டால் தூதரக வரிசையிலேயே பருவம் முடிந்துவிடும்.

மூன்றாவது பயணம் சின்னது. 2019 பெப்ரவரி, திருகோணமலையிலிருந்து காலி, தனியாக வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவருக்குத் துணை. காலை எட்டுக்கு நங்கூரம் தூக்கினோம். இரவு ஒன்பதுக்கு மட்டக்களப்பு வெளிச்சம் வலப்பக்கம் வந்தது. கரைக்கு ஆறு மைல் வெளியே நின்றோம். எங்களுக்கும் கரைக்கும் நடுவே எங்கோ, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கிழவர் அதைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் கல்லடி எந்த வெளிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்னால் ஒரு டோர்ச் மின்னியது. மறுகா இன்னொன்று. வள்ளத்தில் இரண்டு பேர் எழும்பி நின்று கையை ஆட்டி, இங்கிலீசில் "நெட்! நெட்!" என்று கத்தினார்கள். சுக்கானைத் திருப்பிக்கொண்டே, "வலை எந்தப் பக்கம் போகுது தம்பி, கிழக்கயா தெற்கயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளைக்காரன் படகுக்குள்ளால் மட்டக்களப்புத் தமிழ் வந்தால் யார்தான் திகைக்கமாட்டார்கள்.

"தெற்க. நீங்க எவடம்?"

"கல்லடி."

"அப்ப இதில என்னகா செய்யிறீங்க?"

என்ன சொல்வது? சும்மா என்றேன். சிரித்தார்கள். இரண்டு அறக்குளா தூக்கிப் போட்டார்கள், காசு வாங்கவில்லை.

போனில் சிக்னல் கோடு விழுந்திருந்தது. மனுசிக்கு எடுத்து, இப்போது வீட்டுக்கு நேரே நிற்கிறேன் என்றேன். "அப்ப இறங்கி வாங்களன்" என்றா. யொட் பதிவது திருகோணமலை, காலி, கொழும்பு மாதிரியான துறைமுகங்களில்தான், நினைத்த இடத்தில் ஆள் இறங்க முடியாது என்று விளக்கினேன். "நல்ல பயணம்தான்" என்று போனை வைத்தா. காலியில் இறங்கி, மூன்று பஸ் மாறி, வந்த வழியே திரும்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அறக்குளா ஒன்றும் மிஞ்சவில்லை, அதற்கும் ஏச்சு வாங்கினேன்.