முறுக்கு அவிழாத, மென்மையான பிரெட்ஸ்டிக்

பீட்சாவுக்குப் பிசைந்த மாவில் மீந்ததை நாடாவாக வெட்டி, பிரெட்ஸ்டிக் எனப்படும் ரொட்டிக்குச்சியாக முறுக்கி, ஓ.டி.ஜி. எனும் சிறு மின்னடுப்பில் வைத்தால், வேகும்போதே முறுக்கு அவிழ்ந்து தட்டையாகிவிடுகிறது என்றும், ஆறியபின் குச்சிபோல் விறைத்துப்போகிறது என்றும், உணவகத்தில் கிடைப்பதுபோல் மென்மையாக வர என்ன செய்ய வேண்டும் என்றும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முறுக்கு அவிழ்வதற்கு முதற்காரணம், மாவுக்குப் போதிய ஓய்வு தராததுதான். பிசைந்த மாவில் உருவாகும் குளூட்டன் என்னும் புரதப் பின்னல் ரப்பரைப்போல் இழுவிசை உடையது. உருட்டி நீட்டிய உடனே முறுக்கினால், அது பழைய வடிவத்துக்குத் திரும்பவே முயலும். ஆகவே உருண்டைகளாகப் பிரித்தபின் 15 நிமிடம் ஈரத்துணியால் மூடி வையுங்கள். நீட்டும்போது மாவு பின்வாங்கினால், வலிந்து இழுக்காமல் மேலும் 5 நிமிடம் விட்டுவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த மாவானால், முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

புதிதாகப் பிசைவதாயின், 300 கிராம் மைதாவுக்கு 190 மில்லி வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், தலா ஒரு தேக்கரண்டி உப்பும் சர்க்கரையும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். நீரில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் பால் சேர்த்தால் உட்பகுதி மிருதுவாகும், நிறமும் நன்றாக ஏறும். மாவு இருமடங்காக உப்பியதும் பத்து உருண்டைகளாகப் பிரிக்கலாம்.

இனி முறுக்கும் முறை. நாடாவாக வெட்டி முறுக்குவதைவிட, கயிறு திரிப்பதைப்போல் இரு புரியாகத் திரிப்பதே என் பரிந்துரை. ஓர் உருண்டையைச் சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு உருட்டி, ஒரு முனையை உங்களைவிட்டு விலகும் பக்கமாகவும் மறுமுனையை உங்களை நோக்கியும் ஒரே நேரத்தில் உள்ளங்கைகளால் உருட்டுங்கள். பிறகு இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால், நடுப்பகுதி தானாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதைக் காண்பீர்கள். புரிகள் ஒரு பக்கமும் அவை சேர்ந்த திரி எதிர்ப்பக்கமும் முறுகி நிற்பதால், ஒன்றின் விசையை மற்றொன்று தடுத்துவிடுகிறது. முனைகளைக் கிள்ளி ஒட்டித் தட்டில் லேசாக அழுத்தி வையுங்கள். இந்தக் கட்டத்தில் உலர்ந்த மாவு தூவுவதோ எண்ணெய் தடவுவதோ கூடாது; புரிகள் ஒட்டாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரித்தபின் இன்னும் 20 முதல் 25 நிமிடம் உப்ப விட வேண்டும். பலர் தவிர்த்துவிடும் இந்த இரண்டாம் ஓய்வில்தான் உட்பகுதி பஞ்சாகிறது. வெயில் காலத்தில் 15 நிமிடமே போதும். விரலால் மெதுவாக அழுத்தினால் குழி மெல்ல மேலெழுவதே பதம்.

விறைப்புக்குக் காரணம் பெரும்பாலும் குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைப்பதே. நிறம் ஏறுவதற்குள் ஈரம் முழுவதும் வற்றிவிடுகிறது. இத்தாலியின் டூரின் நகரத்து கிரிஸ்ஸினி என்னும் மெல்லிய ரொட்டிக்குச்சிக்கு அந்த மொறுமொறுப்பே அழகு, ஆனால் நீங்கள் கேட்பது அதுவன்று. மேல், கீழ்க் கம்பிகள் இரண்டையும் இயக்கி, அடுப்பை 220 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் 10 முதல் 12 நிமிடம் மட்டும் வையுங்கள்.

பூண்டு வெண்ணெயை வேகவைக்கும் முன் தடவாதீர்கள். அந்தச் சூட்டில் பூண்டு கருகிக் கசந்துவிடும். 50 கிராம் வெண்ணெயில் நசுக்கிய நான்கு பூண்டுப் பற்களைச் சிறுதீயில் பச்சை வாசனை போகும்வரை மட்டும் வதக்கி, ஓரிகானோவும் சிறிது உப்பும் சேர்த்து, அடுப்பிலிருந்து எடுத்த பிரெட்ஸ்டிக்கின்மேல் சூட்டோடு தாராளமாகத் தடவி, உடனே ஒரு துணியால் 5 நிமிடம் மூடிவிடுங்கள். உள்ளிருந்து எழும் ஆவி மேல்தோலை இளக்கிவிடும். உணவகத்து மென்மைக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிதும் உதவும்.

மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் வறண்டுவிடும். காற்றுப் புகாத பையிலிட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது அறைவெப்பத்துக்கு வந்ததும் சிறிது நீர் தெளித்து 180 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள்.