பூட்டில்லாமல் உடன்படுதல்: பகிர்ந்த நினைவகம் பற்றிய கேள்வி பதில்

மென்பொருள் பொறியாளர் ஒருவர்: பல செயல்முறைகள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்ந்த நினைவகத்துக்கு ஒரு பூட்டு போட்டுவிட்டால், எல்லாம் ஒரே முடிவுக்கு வந்துவிடுமே. இதற்குத் தனிக் கோட்பாடு எதற்கு?

பூட்டை வைத்திருக்கும் செயல்முறை பாதியில் நின்றுபோனால் மற்றவை முடிவின்றிக் காத்துக்கிடக்கும். டைக்ஸ்ட்ரா 1965இல் வகுத்த பரஸ்பர விலக்குச் சிக்கலில் (ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டுமே பொதுப் பகுதிக்குள் நுழையலாம்), உள்ளே நுழைந்த செயல்முறை வெளியே வந்தே தீரும் என்பது எடுகோள். அதைக் கைவிட்டு, பிறர் நின்றாலும் தாமதித்தாலும் ஒவ்வொரு செயல்முறையும் தன் சொந்த அடிகளில் வேலையை முடித்தாக வேண்டும் என்று கேட்பதே காத்திராமை.

முதுகலை மாணவி ஒருவர்: படிக்கவும் எழுதவும் மட்டுமே இயலும் பதிவகங்களை (ஒரு மதிப்பைத் தாங்கும் பகிர்ந்த நினைவக இடங்களை) கொண்டு இரண்டு செயல்முறைகள்கூட அப்படி உடன்பட முடியாதாமே. நிறுவலின் உயிர்நாடி எது?

செய்தி அனுப்பும் அமைப்புகளுக்கு ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகியோர் 1985இல் நிறுவிய இந்த இயலாமையை, லூயியும் அபு-அமாராவும் 1987இல் பகிர்ந்த நினைவகத்துக்குக் கொண்டுவந்தனர். முடிவு 0, 1 இரண்டில் எதுவாகவும் அமையக்கூடிய நிலையில் தொடங்குகிறோம். காத்திராமை இருப்பதால், அடுத்த அடி எவருடையதாயினும் முடிவைத் தீர்த்துவிடும் விளிம்பு நிலை ஒன்று வந்தே தீரும். இரண்டு செயல்முறைகளையும் க, ச என்போம்; அங்கே க முதலில் நகர்ந்தால் 0, ச முதலில் நகர்ந்தால் 1 என்று கொள்வோம். இரண்டும் வெவ்வேறு பதிவகங்களைத் தொட்டால், வரிசை மாறினாலும் நினைவகம் ஒன்றாகவே இருக்கும். க படிக்க மட்டும் செய்தால், அதன் தடயம் க-வுக்குள்ளேயே தங்கிவிடும் (ச படித்தாலும் இதே வாதம்தான்). இரண்டும் ஒரே பதிவகத்தில் எழுதினாலோ, பின்னால் எழுதும் ச முந்தையதை அழித்துவிடும். எந்த வழியிலும், க நின்றுவிட ச தனியே ஓடும்போது, 0 நோக்கிய வரலாறும் 1 நோக்கிய வரலாறும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். எனவே இரண்டிலும் ஒரே முடிவைத்தான் எடுக்கும். அதுவே முரண்பாடு. இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த நிறுவல் இது.

அதே மாணவி: அப்படியானால் எந்தக் கட்டளைகள் போதும்?

ஹெர்லிஹி 1991இல் கட்டளைகளைத் தரம்பிரித்தார். டெஸ்ட் அண்ட் செட் (ஓர் இடத்தின் பழைய மதிப்பைப் படித்து, அதே அடியில் அதை 1 ஆக்கும் கட்டளை; முதலில் செய்ததே வெல்லும்) இரண்டு செயல்முறைகளுக்குப் போதும்: ஒவ்வொன்றும் தன் மதிப்பை முதலில் ஒரு பதிவகத்தில் எழுதிவிட்டுப் போட்டியிடும், தோற்றது மற்றதன் மதிப்பை ஏற்கும். மூன்றாவது ஒன்று வந்ததும், தோற்றதற்கு வென்றது எது என்று தெரியாமல் போகிறது. கம்பேர் அண்ட் ஸ்வாப் (இடத்தில் எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் அதே அடியில் புதியதை எழுதும் கட்டளை) வென்றதையே சுட்டிக்காட்டுவதால் எத்தனை செயல்முறைகளுக்கும் போதும்.

மற்றொருவர்: நாணயம் சுண்டி முடிவெடுத்தால்?

அந்த இயலாமையிலிருந்து தப்பலாம். தவறான முடிவு ஒருபோதும் வராது. ஆனால் எத்தனை அடிகளில் முடியும் என்ற உறுதியான வரம்பு கிடையாது.

பிணையப் பொறியாளர் ஒருவர்: நினைவகமே பல கணினிகளில் சிதறியிருந்தால்?

பெரும்பான்மைக் கணினிகள் நின்றுபோகாத வரை, செய்திகளைக் கொண்டே பதிவகத்தைப் போலச்செய்யலாம் என்று அத்தியா, பார்-நோய், டோலெவ் ஆகியோர் காட்டினர். எழுதுவதும் படிப்பதும் பெரும்பான்மையைத் தொடுவதால் இரண்டுக்கும் பொதுவான கணினி ஒன்றாவது இருக்கும். பலரும் மறப்பது இதைத்தான்: படிப்பவரும் தாம் கண்ட மதிப்பைத் திருப்பி எழுதிவிட்டே விடை தர வேண்டும், இல்லையேல் அடுத்துப் படிப்பவர் பழைய மதிப்பைக் காண நேரிடும்.